கரிபால்டியும் இத்தாலியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம் பள்ளிப் பாடத்தில் கரிபால்டிக்கு ஒதுக்கியது இரண்டு வரி. செஞ்சட்டைப் படையின் தலைவர். சிசிலியையும் நேப்பிள்ஸையும் வென்று அரசர் விக்டர் இம்மானுவேலிடம் கொடுத்தார். போட்டித் தேர்வுக்கு அது போதும். ஆனால் கொஞ்சம் யோசிப்பவருக்கு அந்த இரண்டாவது வரியிலேயே ஒரு முள் குத்தும். பாதி நாட்டை வென்ற ஒரு தளபதி ஏன் அதை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்? என்னிடம் மாணவர்களும் நண்பர்களும் கேட்ட கேள்விகளில் பாதிக்கு மேல் இதைச் சுற்றித்தான் வந்தன. மற்றவற்றையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

1860-க்கு முன் இத்தாலி என்று ஒரு நாடு இல்லவே இல்லையா?

பெயர் இருந்தது, நாடு இல்லை. வடமேற்கில் பியட்மான்டும் சார்டினியாத் தீவும் சேர்ந்த ஓர் அரசு, தலைநகர் டுரின்; மேலே சொன்ன விக்டர் இம்மானுவேல் இதன் அரசர். மிலான், வெனிஸ் பகுதிகள் ஆஸ்திரியாவிடம். டஸ்கனி, பார்மா, மொடெனா என்று சிற்றரசுகள். நடுவில் ரோமையும் அதைச் சுற்றிய பெரும்பகுதியையும் போப்பாண்டவரே ஆண்டார். தெற்கே நேப்பிள்ஸும் சிசிலியும் சேர்ந்த "இரு சிசிலிகளின் அரசு", பூர்போன் வம்சத்தின் கையில். ஒவ்வொன்றுக்கும் தனிச் சுங்கச்சாவடி, தனி நாணயம், தனி எடைக்கல்.

மொழியும் அப்படித்தான். மிலான்காரர் வீட்டில் பேசுவது பலெர்மோக்காரருக்குப் புரியாது. இன்று நாம் இத்தாலிய மொழி என்று சொல்வது அன்று படித்தவர்களின் எழுத்து மொழி. 1861-இல் எடுத்த கணக்கெடுப்பில் மக்களில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டோருக்கு எழுதப் படிக்கத் தெரியவில்லை. "இத்தாலி ஒன்றாக வேண்டும்" என்பது முதலில் நகரத்து வக்கீல்கள், மருத்துவர்கள், மாணவர்கள், கப்பல்காரர்களின் கனவு. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். பின்னால் நடந்த சிக்கல்களில் பல இதிலிருந்து முளைத்தவை.

கரிபால்டி யார், எங்கே பிறந்தார்?

1807 ஜூலை 4 அன்று நீஸ் நகரில், கப்பல்காரக் குடும்பத்தில். ஊர் அப்போது நெப்போலியனின் பிரான்சுக்குள் இருந்தது. அவர் சிறுவனாக இருந்தபோது பியட்மான்டுக்கு வந்தது. 1860-இல் மறுபடி பிரான்சுக்கே போனது. இத்தாலியை ஒன்றாக்கிய மனிதரின் சொந்த ஊர் இன்று இத்தாலியில் இல்லை. ஆஸ்திரியாவுக்கு எதிராக உதவியதற்கு விலையாக, பியட்மான்டின் பிரதமர் கவூர் நீஸையும் சவோயையும் பிரான்சின் பேரரசர் மூன்றாம் நெப்போலியனுக்கு எழுதிக் கொடுத்தார். பிறந்த மண்ணிலேயே தன்னை அந்நியனாக்கிவிட்டார் என்று கவூர் மேல் கரிபால்டிக்கு வந்த கோபம் கடைசிவரை ஆறவில்லை.

வணிகக் கப்பல் மாலுமியாக இருந்தவர், ஒன்றுபட்ட இத்தாலியக் குடியரசு கேட்ட மாஜினியின் "இளம் இத்தாலி" இயக்கத்தில் சேர்ந்தார். 1834-இல் ஜெனோவாவில் நடத்தத் திட்டமிட்ட கிளர்ச்சி தோற்றது. அவர் தப்பி ஓடிய பிறகு மரணதண்டனை விதித்தார்கள். அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் தென் அமெரிக்கா. பிரேசிலின் தெற்கே ரியோ கிராண்டே மாகாணத்துக் கலகக்காரர்களுக்காகவும், பின்னர் உருகுவேயின் தலைநகர் மொன்டேவிடியோ முற்றுகையிடப்பட்டபோது அந்த நகருக்காகவும் சண்டை போட்டார். போர்க்கலையை அவர் கற்ற பள்ளிக்கூடம் அந்தப் புல்வெளிகளும் ஆற்று முகத்துவாரங்களும்தான். குறைந்த ஆள், வேகமான நகர்வு, எதிரி எதிர்பாராத திசை.

சிவப்புச் சட்டை எங்கிருந்து வந்தது?

1843-இல் மொன்டேவிடியோவில் இத்தாலியக் குடியேறிகளைச் சேர்த்து ஒரு படை அமைத்தார். சீருடை வாங்கப் பணமில்லை. அக்கரையிலுள்ள புவனோஸ் அயர்ஸின் மாட்டிறைச்சிக் கூடங்களுக்கு அனுப்ப வைத்திருந்த சிவப்புக் கம்பளிச் சட்டைகள் போர் காரணமாகத் தேங்கிக் கிடந்தன, மலிவாகக் கிடைத்தன. இறைச்சிக் கூடத்துக்கு ஏன் சிவப்பு என்று கேட்கத் தேவையில்லை; ரத்தக்கறை தெரியாது. இதுவே பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. பதினேழு ஆண்டு கழித்து ஐரோப்பாவையே கிறங்கடித்த அடையாளம், விற்காமல் கிடந்த சரக்கு!

அனிதா யார்?

கரிபால்டியின் முதல் மனைவி. பிரேசிலின் லகுனா ஊர்க்காரர்; 1839-இல் சந்தித்தார்கள், 1842-இல் மொன்டேவிடியோவில் மணம் முடித்தார்கள். குதிரையேற்றத்தில் கணவரையே மிஞ்சியவர். போர்க்களத்தில் கூடவே இருந்தார்.

1849-இல் ரோமில் போப்பாண்டவர் வெளியேறி ஒரு குடியரசு அமைந்தது. மாஜினி அதன் மூன்று தலைவர்களில் ஒருவர், கரிபால்டி தளபதிகளில் ஒருவர். போப்பாண்டவரை மீட்க வந்த பிரெஞ்சுப் படையை ஏப்ரல் 30 அன்று விரட்டினாலும், ஜூன் முடிவில் நகரம் விழுந்தது. சரணடைய மறுத்த கரிபால்டி சில ஆயிரம் பேருடன் மலைவழியே வெளியேறினார். அனிதா கர்ப்பிணி, மேலே காய்ச்சல். ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். நான்கு நாட்டுப் படைகள் துரத்தின. ரவென்னாவுக்கு அருகே சதுப்பு நிலத்தில் ஒரு பண்ணைவீட்டுக்கு அனிதாவைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை. ஆகஸ்ட் 4. அடக்கம் செய்யக்கூட நிற்க முடியாமல் கணவர் ஓடவேண்டியிருந்தது. மணலில் மேலாகப் புதைத்த உடலைச் சில நாளில் ஊர்க்காரர்கள் கண்டெடுத்தார்கள்.

"மாஜினி ஆன்மா, கவூர் மூளை, கரிபால்டி வாள்" என்று படித்தோமே, சரிதானா?

மனப்பாடத்துக்கு வசதியான வாக்கியம். கேட்டால் மூவரும் ஒரே உடம்பின் உறுப்புகள் போலச் சேர்ந்து வேலை பார்த்ததாகத் தோன்றும். நடந்தது வேறு. ஒருவரை ஒருவர் நம்பவே இல்லை.

மாஜினிக்கு வேண்டியது குடியரசு. அரசர் யாராக இருந்தாலும் ஆகாது. பியட்மான்டின் பிரதமர் கவூருக்கு வேண்டியது ஆஸ்திரியாவை விரட்டி, வடக்கில் தன் அரசரின் எல்லையைப் பெருக்குவது. தெற்கைச் சேர்ப்பது அவர் முதலில் போட்ட கணக்கிலேயே இல்லை. கரிபால்டி உள்ளுக்குள் குடியரசுவாதி. ஆனால் படையும் பணமும் உள்ள ஒரே இத்தாலிய அரசு பியட்மான்டுதான் என்று 1850-களிலேயே முடிவுக்கு வந்துவிட்டார். "முதலில் ஒன்றாவோம், யார் ஆள்வது என்பதைப் பிறகு பார்ப்போம்" என்பது அவர் வழி. இதற்காக மாஜினி ஆட்கள் அவரைத் துரோகி என்றார்கள். கவூர் ஆட்கள் அவரை ஆபத்தான பித்தர் என்றார்கள்.

1861 ஏப்ரல் 18 அன்று கரிபால்டி டுரின் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார், சிவப்புச் சட்டையும் மேலே தென் அமெரிக்கப் போர்வையும். கவூரின் அரசு சகோதரப் போரைத் தூண்டப் பார்த்தது என்று நேருக்கு நேர் குற்றம் சாட்டினார். அவை அமளியில் முடிந்தது. ஏழு வாரத்தில் கவூர் காலமானார்.

"ஆயிரம் பேர்" என்கிறார்களே, சரியாக எத்தனை பேர்? எதை நம்பிக் கிளம்பினார்கள்?

அரசு பின்னர் வெளியிட்ட அதிகாரப்பூர்வப் பட்டியலில் 1,089 பெயர்கள். ஒரே ஒரு பெண், ரொசாலியா மொன்மாசோன்; பின்னாளில் பிரதமரான கிரிஸ்பியின் மனைவி. பெரும்பாலோர் வடக்கத்திக்காரர்கள், அதிலும் பெர்காமோ நகரிலிருந்து மட்டும் 150-க்கும் மேல். வக்கீல்கள், மருத்துவர்கள், மாணவர்கள், கைத்தொழிலாளர்கள். விவசாயிகள் கிட்டத்தட்ட இல்லை. விவசாய நாட்டை விடுவிக்க விவசாயி இல்லாத படை.

1860 மே 5 இரவு ஜெனோவாவுக்கு அருகே குவார்ட்டோ கரையிலிருந்து புறப்பட்டார்கள். "பியமொன்டே", "லொம்பார்டோ" என்ற இரு நீராவிக் கப்பல்கள் துறைமுகத்தில் "கடத்தப்பட்டன". கப்பல் நிறுவனத்தின் ஆட்களுக்கு விஷயம் தெரியும். கூத்து அடுத்தது. தோட்டாவும் வெடிமருந்தும் ஏற்றிய படகுகள் கடலில் சந்திக்க வேண்டும். இருட்டில் வந்து சேரவில்லை. துப்பாக்கி இருக்கிறது, சுட ஒன்றுமில்லை. அந்தத் துப்பாக்கிகளும் துருப்பிடித்த பழசு.

திரும்பிப் போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கரிபால்டி டஸ்கனிக் கரையில் தலமோனே என்ற சிற்றூரில் கப்பலை நிறுத்தினார். ஆஸ்திரியாவுக்கு எதிரான 1859 போரில் பியட்மான்ட் அரசர் கொடுத்த தளபதிச் சீருடை பெட்டியில் இருந்தது, பிடிக்காத உடை. அதை எடுத்து மாட்டிக்கொண்டார். "அரசரின் தளபதி" கேட்பதாகப் பக்கத்துக் கோட்டைக்கு ஆள் போனது. கோட்டை அதிகாரி தயங்கித் தயங்கி வெடிமருந்தைக் கொடுத்துவிட்டார். வீரத்துக்கு மட்டுமே பேர்போனவர் இவர் என்று நினைப்பவர்களிடம் இதை நான் தவறாமல் சொல்வதுண்டு. வேடம் எப்போது உதவும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஆயிரம் பேர் எப்படி ஓர் அரசையே சாய்த்தார்கள்? நம்பும்படி இல்லையே?

சிசிலியில் மட்டும் பூர்போன் அரசுக்கு சுமார் 25,000 வீரர்கள். எனவே நியாயமான கேள்வி. அதிர்ஷ்டம், தந்திரம், மக்கள், எதிரியின் பலவீனம் எல்லாம் சேர்ந்தன.

மே 11 அன்று மேற்குக் கரையில் மார்சாலாவில் இறங்கினார்கள். அந்த ஊரின் ஒயின் வியாபாரம் ஆங்கிலேயர் கையில். அவர்களின் சொத்தைக் காக்க இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் அன்று துறைமுகத்துக்கு வெளியே நின்றன. துரத்தி வந்த நேப்பிள்ஸ் கப்பல், ஆங்கிலேயருக்கு அடிபட்டால் வம்பு என்று குண்டு வீசத் தாமதித்தது. அதற்குள் ஆயிரம் பேரும் கரையில்.

மே 15, கலட்டாஃபிமி. குன்றின் உச்சியில் பூர்போன் படை, நல்ல துப்பாக்கிகளுடன். கீழிருந்து ஏறவேண்டும். சரிவு முழுக்கப் படிப்படியாக வெட்டிய வயல்வரப்புகள். ஒவ்வொரு வரப்புச் சுவரும் குண்டுக்கு மறைவு. அதன் அடியில் மூச்சு வாங்கிவிட்டு அடுத்ததற்குப் பாய்ந்தார்கள். கடைசி வரப்புக்குக் கீழே பதுங்கியிருந்தபோது மேலிருந்து கற்கள் வந்து விழுந்தன. ஒன்று கரிபால்டியின் முதுகில் பட்டது. கல்லெறிகிறார்கள் என்றால் தோட்டா தீர்ந்துவிட்டது என்று கணக்குப் போட்டு, கத்திமுனையோடு கடைசிப் பாய்ச்சல். "இங்கே இத்தாலியை உண்டாக்குவோம், இல்லையேல் சாவோம்" என்று அப்போது சொன்னதாக ஒரு வாசகம் எல்லாச் சிலைகளின் கீழும் இருக்கிறது. அந்த மூச்சிரைப்பில் அவ்வளவு அழகாகச் சொல்லியிருப்பாரா என்பது என் சந்தேகம். அன்று அவர் பக்கம் இறந்தவர்கள் முப்பது பேர் அளவில். சிறிய சண்டைதான். ஆனால் அரசுப் படை தோற்று ஓடியது என்ற செய்தி தீவு முழுக்கப் பரவியது.

அடுத்து பலெர்மோ. நேராகப் போனால் நசுங்கிவிடுவோம் என்று தெரிந்து, பீரங்கிகளையும் சாமான் வண்டிகளையும் ஒரு சிறு பிரிவோடு கொர்லியோனே திசைக்கு அனுப்பினார். அரசுப் படையின் திறமையான பகுதி, கரிபால்டி பின்வாங்குகிறார் என்று நம்பி அந்த வண்டிகளைத் துரத்திக்கொண்டு தெற்கே போயிற்று. அவர் மலைகளுக்குள் வளைந்து வந்து மே 27 விடியலில் நகருக்குள் நுழைந்துவிட்டார். மூன்று நாள் தெருச் சண்டை. மேலிருந்து குண்டு மழை. தோட்டா மறுபடி தீரும் தறுவாயில், பூர்போன் தளபதியே போர்நிறுத்தம் கேட்டு ஆள் அனுப்பினார்!

சிசிலி மக்கள் ஏன் அவர் பக்கம் நின்றார்கள்? அவர்களுக்கு "இத்தாலி" வேண்டுமென்றா?

நேப்பிள்ஸ் ஆட்சி மேல் வெறுப்பு, அதுதான் முதல் காரணம். கரிபால்டி வருவதற்கு ஒரு மாதம் முன்பே, ஏப்ரல் 4 அன்று, பலெர்மோவில் ஒரு குழாய்த் தொழிலாளியின் தலைமையில் கிளர்ச்சி எழுந்து நசுக்கப்பட்டிருந்தது. கிராமங்களில் புகைந்துகொண்டிருந்தது.

விவசாயிக்கு வேண்டியவை இரண்டு. மாவரைப்பு வரி ஒழியவேண்டும். ஊர்ப்பொது நிலம் கைக்கு வரவேண்டும். கரிபால்டி சிசிலியின் "சர்வாதிகாரி" என்று, அரசர் பெயரால், தன்னை அறிவித்துக்கொண்ட சில நாட்களிலேயே மாவரைப்பு வரியை ஒழித்தார். ஜூன் 2 ஆணையில், போராடியவர்களுக்குப் பொது நிலம் பங்கிடப்படும் என்றார். மக்கள் அவரைப் பலெர்மோவின் காவல் புனிதை ரொசாலியாவின் வம்சம் என்றே நம்பினார்கள். சட்டையை உதறினால் தைத்த குண்டுகள் உதிரும் என்று பேச்சு. "இத்தாலியா" என்பது விக்டர் இம்மானுவேலின் மனைவி பெயர் என்று நினைத்து வாழ்க கோஷம் போட்டவர்கள் உண்டு என ஒரு கதையும் இருக்கிறது. சிரிப்பு வரும். ஆனால் அந்த மக்களுக்கு அந்தச் சொல்லை யார் எப்போது சொல்லிக் கொடுத்தார்கள்?

புரோந்தே என்ற ஊரில் நடந்தது என்ன?

இதைக் கேட்பவர்கள் குறைவு. ஆனால் இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதானால் இதைப் படியுங்கள்.

புரோந்தே, எட்னா எரிமலையின் அடிவாரத்து ஊர். சுற்றியுள்ள பெருநிலம் ஆங்கிலக் கடற்படைத் தளபதி நெல்சனின் வாரிசுகளுக்குச் சொந்தம்; 1799-இல் பூர்போன் அரசர் நெல்சனுக்குத் தானமாகக் கொடுத்தது. ஊர்ப்பொது நிலத்துக்காக வழக்கு பல்லாண்டாக இழுத்துக்கொண்டிருந்தது. கரிபால்டியின் ஆணை வந்ததும் நிலம் வரும் என்று காத்தார்கள். உள்ளூர்ப் பெரிய மனிதர்களே புது நிர்வாகத்திலும் அமர்ந்தார்கள். நிலம் வரவில்லை. ஆகஸ்ட் தொடக்கத்தில் கூட்டம் வெறிகொண்டு எழுந்தது. ஆவணக்காப்பகத்துக்குத் தீ, நோட்டரி உட்படப் பதினைந்து பதினாறு பேர் கொலை. கொடூரமான கொலைகள், அதை மறைக்கத் தேவையில்லை.

ஒழுங்கை நிலைநாட்ட கரிபால்டி அனுப்பியது தன் வலக்கை நினோ பிக்சியோவை. ஆங்கிலச் சொத்து, ஆங்கிலத் தூதரகத்தின் நெருக்கடி. கொலையில் முன்னின்றவர்களில் பலர் அதற்குள் ஓடிவிட்டார்கள். அவசர விசாரணை; ஆகஸ்ட் 10 காலை ஐந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒருவர் நிக்கோலோ லொம்பார்டோ, நில வழக்கில் ஏழைகள் பக்கம் நின்ற வக்கீல், கரிபால்டியை வரவேற்றவர். இன்னொருவர் ஊரே புத்தி பேதலித்தவர் என்று அறிந்த நுன்சியோ சிரால்டோ ஃப்ராயுன்கோ.

கரிபால்டி அப்போது நீரிணையைக் கடந்து தீபகற்பத்துக்குப் போகும் ஏற்பாட்டில் இருந்தார். பின்னால் கலவரம் இருக்கக்கூடாது, பிரிட்டனின் நல்லெண்ணம் கெடக்கூடாது. ராணுவக் கணக்கில் இது விளங்குகிறது. ஆனால் ஜூன் 2-இல் கொடுத்த வாக்கை ஆகஸ்ட் 10-இல் சுட்டதும் அதே ஆட்சிதான். தெற்கின் விவசாயிக்கும் புதிய இத்தாலிக்கும் இடையே விழுந்த விரிசலுக்கு நான் தேதி குறிக்கவேண்டுமென்றால் இந்தக் காலையைத்தான் குறிப்பேன்.

நேப்பிள்ஸுக்கு ரயிலில் வந்தாரா?

ஆமாம். ஆகஸ்ட் 18, 19 வாக்கில் மெசினா நீரிணையைக் கடந்து காலாப்ரியாவில் இறங்கியபின் அரசுப் படை ஊர் ஊராகக் கரைந்தது. பூர்போன் அரசர் இரண்டாம் பிரான்சிஸ் செப்டம்பர் 6 அன்று கயேட்டா கோட்டைக்குப் போய்விட்டார். கரிபால்டி தன் படையை இரண்டு நாள் நடைதூரத்தில் விட்டுவிட்டு, சில டஜன் பேருடன் செப்டம்பர் 7 அன்று ரயிலேறி நேப்பிள்ஸில் இறங்கினார். நகரக் கோட்டைகளில் எதிரிப் படை இன்னும் பீரங்கியோடு இருந்தது. அதன் எதிரே திறந்த வண்டியில் போனார். யாரும் சுடவில்லை. அவரை வரவேற்ற உள்துறை அமைச்சர் லிபோரியோ ரொமானோ முந்தின நாள்வரை பிரான்சிஸின் அமைச்சர். ஊர் அமைதிக்கென்று கமோர்ரா ரவுடிக் கும்பலையே போலீசாக்கி வைத்திருந்தவரும் அவரே.

பிறகு ஏன் எல்லாவற்றையும் அரசரிடம் கொடுத்தார்? முட்டாள்தனமா, பெருந்தன்மையா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான். இரண்டும் இல்லை என்பது என் எண்ணம். வேறு வழிகளை எடைபோட்டே கொடுத்தார்.

அவர் ஆசை ரோம் வரை போவது. ஆனால் அக்டோபர் 1, 2 தேதிகளில் வொல்தூர்னோ ஆற்றங்கரையில் பூர்போன் படை முழு பலத்தோடு மோதியது. இரு பக்கமும் இருபதாயிரத்துக்கு மேல். அவர் நடத்திய போர்களிலேயே பெரியது. வென்றார், ஆனால் தற்காப்பில். முன்னே போகத் தெம்பில்லை. அதற்குள் கவூர் பியட்மான்ட் படையைப் போப்பாண்டவரின் பகுதிகள் வழியாகத் தெற்கே அனுப்பிவிட்டார். வெளியே சொன்ன காரணம் ஒழுங்கு, உள்ளே இருந்த காரணம் கரிபால்டி ரோமுக்குள் போய்விடாமல் தடுப்பது. ரோமில் பிரெஞ்சுப் படை இருந்தது. மோதினால் பிரான்சோடு போர். அரசரை எதிர்த்தால் இத்தாலியருக்குள் போர். இரண்டையும் தவிர்த்தால் மிஞ்சுவது ஒப்படைப்பு.

அக்டோபர் 26, தெயானோவுக்கு அருகே ஒரு சாலைச் சந்திப்பு. தொப்பியை எடுத்து, "இத்தாலியின் முதல் அரசர்" என்று வணங்கினார். இருவரும் கொஞ்ச தூரம் குதிரையில் சேர்ந்து போனார்கள். இனி முன்னணியில் அரசுப் படை நிற்கும், உங்கள் ஆட்கள் பின்னால் போகட்டும் என்றார் அரசர். அவ்வளவுதான். மதியம் அரசர் வேறு இடத்தில் உணவருந்தினார். கரிபால்டி ஒரு தொழுவத்தின் ஓரத்தில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும். ஓவியங்களில் இந்தச் சந்திப்பு பிரமாதமாக இருக்கும். அருகே இருந்தவர்கள் எழுதியதைப் படித்தால் மனசு கனக்கும்.

தெற்கை ஓராண்டு முழு அதிகாரத்தோடு ஆளக் கேட்டார், மறுத்தார்கள். தளபதிப் பட்டம், மாளிகை, மகளுக்குச் சீர் என்று அரசர் நீட்டியவற்றை அவர் மறுத்தார். நவம்பர் 9 அன்று கடன் வாங்கிய சில நூறு லிராவும் ஒரு மூட்டை விதைத் தானியமுமாக, சார்டினியாவுக்கு அருகே தான் பாதி வாங்கியிருந்த கப்ரேரா தீவுக்குக் கப்பலேறினார். தேசத்தைச் சேர்த்ததில் அவர் வாள் எவ்வளவு முக்கியமோ, அதை உறையில் போட்டதும் அவ்வளவு முக்கியம். அன்று அவர் மறுத்திருந்தால் தெற்கில் ஓர் உள்நாட்டுப் போர் மூண்டிருக்கும். ஆஸ்திரியா கைகட்டி நின்றிருக்காது.

மக்கள் வாக்களித்துத்தானே சேர்ந்தார்கள்?

1860 அக்டோபர் 21 வாக்கெடுப்பு. நேப்பிள்ஸ் பகுதியில் ஆம் 1,302,064; இல்லை 10,312. சிசிலியில் ஆம் 432,053, இல்லை 667. எண்களைப் பார்த்தாலே புருவம் உயரும். ஆம், இல்லை என்று எழுதிய பெட்டிகள் தனித்தனியாக மேடைமேல். காவலர்கள், அதிகாரிகள் பார்க்க, எந்தப் பெட்டியிலிருந்து சீட்டு எடுக்கிறோம் என்பது ஊருக்கே தெரியும். பெரும்பான்மை அன்று சேர்வதையே விரும்பியிருக்கலாம். ஆனால் இந்த எண்கள் அதை அளக்கவில்லை.

ஒன்றான பிறகு தெற்கு என்ன ஆயிற்று?

1861 மார்ச் 17 அன்று இத்தாலி அரசு பிரகடனமானது. ஒரு சிறு விஷயத்தைக் கவனியுங்கள்: அரசர் "இரண்டாம்" விக்டர் இம்மானுவேல் என்றே தொடர்ந்தார், புதிய நாட்டின் முதல் நாடாளுமன்றத்துக்கு பியட்மான்டின் வரிசைப்படி "எட்டாவது" என்று எண் போட்டார்கள். புது வீடு கட்டவில்லை, பழைய வீட்டுக்கு ஓர் அறை சேர்த்தோம் என்று சொல்வது போல. வாக்குரிமை, மக்கள்தொகையில் இரண்டு சதவீதத்துக்கும் குறைவானோருக்கு.

பியட்மான்டின் சட்டம், வரி, கட்டாய ராணுவச் சேவை எல்லாம் தெற்குக்கு வந்தன. சிசிலியில் பூர்போன் காலத்தில் கட்டாயச் சேவையே கிடையாது. இளைஞர்கள் மலைக்கு ஓடினார்கள். தலைமறைவுப் படைகள், கொள்ளை, பூர்போன் விசுவாசம், நிலப் பசி எல்லாம் கலந்த ஒரு போர் தெற்கில் பல ஆண்டு நடந்தது. அரசு அதைக் "கொள்ளையர் ஒழிப்பு" என்றது. லட்சத்துக்கும் மேற்பட்ட படைவீரர்களை இறக்கியது. 1863-இன் பீக்கா சட்டத்தால் ராணுவ நீதிமன்றம் கொண்டுவந்தது. கரிபால்டி ஒழித்த மாவரைப்பு வரி 1869-இல் நாடு முழுவதற்கும் திரும்பி வந்தது.

இத்தாலியப் படையே அவரைச் சுட்டதாமே?

1862 ஆகஸ்ட் 29, அஸ்ப்ரோமொன்டே மலை. "ரோம் அல்லது மரணம்" என்று தொண்டர்களோடு கிளம்பியவரை அரசுப் படை மறித்தது. எதிரே இத்தாலியர், சுடாதீர்கள் என்று தன் ஆட்களுக்குக் கட்டளையிட்டார். எதிர்ப்பக்கம் சுட்டது. தொடையில் ஒன்று, வலது கணுக்காலில் ஒன்று. கணுக்கால் குண்டு உள்ளே இருக்கிறதா இல்லையா என்று ஐரோப்பாவின் பேர்பெற்ற மருத்துவர்கள் வாரக்கணக்கில் வாதாடினார்கள். பாரிஸின் நெலதோன், முனையில் மெருகிடாத பீங்கான் உருண்டை வைத்த ஒரு கம்பியைச் செய்தார். ஈயத்தில் உரசினால் கறை படியும். படிந்தது. நவம்பரில் குண்டை எடுத்தார்கள்.

அதன்பிறகும் அடங்கவில்லை. 1866 ஆஸ்திரியப் போரில் பெட்செக்காவில் வென்றார். நிறுத்து என்று உத்தரவு வந்தபோது "கீழ்ப்படிகிறேன்" என்று ஒற்றைச் சொல் தந்தி அடித்தார். 1867-இல் மென்டானாவில் பிரெஞ்சுக்காரரின் புதிய துப்பாக்கிகளிடம் தோற்றார். கடைசியில் 1870 செப்டம்பர் 20 அன்று அரசுப் படை ரோமுக்குள் நுழைந்தபோது அவர் அங்கே இல்லை.

ஆபிரகாம் லிங்கன் அவரை அழைத்தாரா?

1861-இல் லிங்கன் அரசின் தூதர் வழியே தளபதிப் பதவி சொல்லி அனுப்பினார்கள். முழுப் படைக்கும் தலைமை வேண்டும், அடிமை முறையை ஒழிப்பதாக அறிவிக்கவேண்டும் என்றார் கரிபால்டி. லிங்கனால் அப்போது இரண்டும் முடியாது. பேச்சு அத்தோடு நின்றது.

இந்தியாவில் அவர் பெயர் எப்படிப் பரவியது?

லாலா லஜபதி ராய் 1896-இல் உருதுவில் மாஜினி, கரிபால்டி வரலாறுகளை எழுதினார். நம் பாரதி, இளம் இத்தாலி உறுப்பினர்கள் எடுத்துக்கொண்ட உறுதிமொழியைத் தமிழ்ப் பாட்டாக்கினார். அடிமைப்பட்டு சிதறிக்கிடந்த ஒரு பழம்பெரும் நாடு எழுந்தது என்ற செய்தி அவர்களுக்குத் தெம்பூட்டியது. 1909-இல் காந்தி "இந்திய சுயராஜ்யம்" எழுதும்போது வேறு கோணத்தில் பார்த்தார். ஆஸ்திரியர் போனார்கள், அரசர் வந்தார், உழைக்கும் இத்தாலியருக்கு என்ன கிடைத்தது என்பது அவர் கேள்வி. புரோந்தே பற்றிப் படித்துவிட்டு அந்த அத்தியாயத்துக்குப் போனால் அது வேறு மாதிரி ஒலிக்கும்.

பிஸ்கட்டுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?

உலர்திராட்சை வைத்த ஒரு பிஸ்கட்டை 1861 முதல் இங்கிலாந்தில் அவர் பெயரில் விற்கிறார்கள். 1865-இல் தொடங்கிய நாட்டிங்காம் ஃபாரஸ்ட் கால்பந்துக் குழு சிவப்பைத் தேர்ந்ததும் அவர் சட்டையைப் பார்த்துத்தான். 1864-இல் அவர் லண்டன் போனபோது லட்சக்கணக்கானோர் தெருவில் திரண்டு வண்டியை நகரவிடவில்லை.

எப்படி இறந்தார்?

1882 ஜூன் 2 அன்று, கப்ரேராவில், மூட்டுவாதத்தால் முடங்கிப் பல ஆண்டுகள் ஆனபின். மதகுருமார் சடங்கு கூடாது, சிவப்புச் சட்டையோடு, தீவிலேயே வெட்டிய விறகில் வெட்டவெளியில் எரிக்கவேண்டும், சாம்பலை இறந்துபோன மகள்களின் கல்லறையருகே வைக்கவேண்டும் என்று எழுதி வைத்திருந்தார். மனைவிக்கும் மருத்துவருக்கும் தனித்தனியே சொல்லியும் இருந்தார். டுரினில் அல்ல, இப்போது ரோமில் இருந்த அரசாங்கத்திலிருந்து பெரியவர்கள் வந்தார்கள். தேசத்தின் நாயகரை எரிப்பதா என்று கூடிப் பேசினார்கள். உடலைப் பதப்படுத்திப் புதைத்து, மேலே கனத்த கருங்கல் ஒன்றை ஏற்றிவைத்தார்கள். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.